வேட்பும் பெயரும்: ‘நாமினேஷன்’ என்னும் சொல்லும் தோட்டத் தமிழரும்

முன்னுரை

2019ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், பகாங் மாநிலத்துக் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியின் இடைத்தேர்தலுக்கு வேட்புமனுத் தாக்கல் நடைபெற்றது. நால்வர் களத்தில் நின்றனர். மலாய் மொழியில் அந்நாள் ‘பெனாமாஆன் சாலோன்’ எனப்பட்டது. ஆங்கிலத்தில் ‘நாமினேஷன்’ எனப்பட்டது. தமிழ் நாளேடுகள் ‘வேட்புமனுத் தாக்கல்’ என எழுதின. மூன்றும் ஒரே நிகழ்ச்சியைச் சுட்டுவன. ஆயினும் மூன்றும் ஒன்றையே சொல்கின்றனவா என்னும் வினா மொழி பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் எழவேண்டிய ஒன்றாகும்.

மலாய்த் தொடருக்கு ‘வேட்பாளருக்குப் பெயர் குறித்தல்’ என்பது நேர்ப்பொருள். ஆங்கிலச் சொல்லும் பெயர் குறித்தலையே உணர்த்துகிறது. தமிழ்த் தொடரிலோ பெயர் என்பதே இல்லை. விருப்பம் இருக்கிறது, விண்ணப்பம் இருக்கிறது. முன்னிரண்டு மொழிகளும் பெயரைக் குறிப்பவரின் பக்கம் நின்று இந்நிகழ்ச்சியை நோக்குகின்றன. தமிழ், விரும்பி நிற்பவரின் பக்கம் நின்று நோக்குகிறது. இவ்வேறுபாடு வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலன்று. தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த, வாழ்கின்ற தமிழரின் அரசியல் வரலாற்றோடு வைத்து நோக்கும்போது, நமது சொல் எதனை வெளிப்படுத்துகிறது, எதனை மறைக்கிறது என்பது புலனாகும். இக்கட்டுரை அதனையே ஆராய முற்படுகிறது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு

‘நாமினேஷன்’ என்னும் சொல் இலத்தீன் மொழியின் ‘நோமினாத்தியோ’ என்பதிலிருந்து வந்தது. அதன் வேர் ‘நோமென்’, அதாவது பெயர். வடமொழியின் ‘நாமன்’ என்பதும் இவ்வேரோடு உறவுடையது என்பது ஒப்பியல் மொழிநூலார் அனைவரும் ஏற்ற முடிபு. ஆங்கில இலக்கணத்தில் முதல் வேற்றுமையைக் குறிக்கும் ‘நாமினேட்டிவ்’, பெயரளவில் மட்டும் உள்ளதைக் குறிக்கும் ‘நாமினல்’ ஆகியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆகவே பெயரைச் சொல்லுதல் என்பதே இச்சொல்லின் தொன்மையான பொருள். ஒருவரைப் பதவிக்கு உரியவராகச் சுட்டுதல் என்னும் பொருள் அதிலிருந்து கிளைத்தது.

சுட்டியவர் யார் என்பதே இங்குக் கருதத்தக்கது. உரோமப் பேரரசன் திபேரியுசு கி.பி. 14இல் ஆட்சிக்கு வந்தபோது, பிரீட்டர் என்னும் பதவிக்குப் பன்னிருவரைப் பெயர் குறித்தான் என வரலாற்றாசிரியர் தாசித்தசு எழுதுகிறார். மக்கள் மன்றத்திலிருந்து செனட் அவைக்குத் தேர்வுரிமை மாறிய காலமும் அதுவே. இங்கிலாந்தில் எட்டாம் என்றி மன்னன் காலத்துச் சட்டம், ஆயர் பதவி காலியானால் திருச்சபைக் குழுவினர் தேர்தல் நடத்தலாம் என்று இசைவளித்தது. எனினும் தேர்ந்தெடுக்கவேண்டியவரின் பெயரை அரசனே மடல் வழி அனுப்புவான். குழுவினர் அப்பெயரை மறுத்தால் தண்டனைக்கு உள்ளாவர். தேர்தல் என்பது சடங்காயிற்று. பெயர் குறித்தலே அதிகாரமாயிற்று.

இச்சொல்லுக்கு வேறொரு முகமும் உண்டு. இங்கிலாந்தில் 1872ஆம் ஆண்டின் வாக்குச்சீட்டுச் சட்டம் வரும்வரை, நாடாளுமன்றத் தேர்தலில் பெயர் குறித்தல் வெளிப்படையாக மேடையில் நடந்தது. ஒருவர் எழுந்து இன்னார் என்று முன்மொழிவார்; மற்றொருவர் வழிமொழிவார்; கூடியிருந்தோர் கைதூக்குவர். அச்சட்டம் மேடையை நீக்கி எழுத்து வடிவிலான படிவத்தைக் கொண்டுவந்தது. ஒரு குரலாக இருந்தது தாளாக மாறியது. பிரித்தானியர் தம் குடியேற்ற நாடுகளுக்கு எடுத்துச் சென்றது இத்தாளையே. நம் நாட்டின் வேட்புமனுப் படிவத்தில் முன்மொழிபவர், வழிமொழிபவர் ஆகியோரின் கையொப்பங்கள் இடம்பெறுவது அம்மேடையின் எச்சமே எனலாம்.

ஆகவே இச்சொல்லுக்குள் இரு போக்குகள் உள்ளன. மேலிருந்து ஒருவரைப் பதவியில் அமர்த்துதல் ஒன்று. கீழிருந்து ஒருவரை முன்னிறுத்துதல் மற்றொன்று. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறது. யார் குறிப்பது, யாரிடம் குறிப்பது என்பதைச் சூழலே உணர்த்தவேண்டும். குறிக்கப்பட்டவரை ஆங்கிலம் ‘நாமினீ’ என்கிறது. இதன் ஈறு பழைய சட்டப் பிரெஞ்சின் செயப்பாட்டு எச்சத்திலிருந்து வந்தது; செயலைச் செய்தவரையன்றிச் செயலுக்கு உட்பட்டவரையே இது குறிக்கும். வேலை தருபவரும் வேலைக்கு அமர்த்தப்பட்டவரும் ஆங்கிலத்தில் வேறுபடுவது போன்றது இது.

மலாய்ச் சொல்லும் அதே வேரும்

மலாய் மொழியில் ‘நாமா’ என்பது பெயர். அது வடமொழியிலிருந்து அம்மொழிக்கு வந்த தொன்மையான கடன்சொல். அதனோடு முன்னொட்டும் பின்னொட்டும் சேர்ந்தே ‘பெனாமாஆன்’ உருவாயிற்று. இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்ற வேரும், வடமொழி வழியாக மலாய்க்கு வந்த வேரும் தொடக்கத்தில் ஒன்றே. நெடுந்தொலைவு பிரிந்து சென்ற இரு கிளைகள் மலேசியத் தேர்தல் மையத்தின் வாயிலில் ஒரே பொருளைச் சுட்டி நிற்கின்றன. தமிழிலும் நாமம், நாமகரணம் முதலிய வடசொற்கள் வழங்கவே செய்கின்றன. எனினும் தமிழ் இந்நிகழ்ச்சிக்கு அவ்வேரையும் கொள்ளவில்லை. பெயர் என்னும் தன் சொல்லையும் கொள்ளவில்லை.

தமிழ்ச் சொற்கள்

தமிழில் இன்று நிலைபெற்றுள்ள ‘வேட்பாளர்’ என்னும் சொல் தேர்தலோடு ஒருங்கே பிறந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதழ்கள் ‘அபேட்சகர்’ என எழுதின. இது வடமொழியின் ‘அபேக்ஷா’ (எதிர்பார்ப்பு, விருப்பம்) என்பதனடியாக வந்தது. சிங்களம் அதே வேரிலிருந்து வந்த சொல்லை இன்றும் வழங்குகிறது. இந்தியின் ‘உம்மீத்வார்’ என்பதும் நம்பிக்கை கொண்டு நிற்பவரையே குறிக்கிறது. தனித்தமிழ் உணர்வு வலுப்பெற்றபோது அபேட்சகர் வேட்பாளரானார். வேர் மாறியது, பார்வை மாறவில்லை.

‘வேட்பு’ என்பது வேள் என்னும் வினையடியாகப் பிறந்தது. வேட்கை, வேட்டல் ஆகியன அதன் உறவுச் சொற்கள். ‘ஆளர்’ என்னும் ஈறு ஆளுந்தன்மை உடையவரைக் குறிக்கும். எனவே வேட்பாளர் என்பார் விருப்பத்தைத் தமதாக உடையவர். ஆங்கிலத்தில் ‘நாமினீ’ செயலுக்கு உட்பட்டவராக நிற்க, தமிழில் வேட்பாளர் செயலுக்கு உரியவராக நிற்கிறார். நம் இலக்கண வழக்கில் கூறின், ஆங்கிலத்தில் அவர் செயப்படுபொருள்; தமிழில் அவரே எழுவாய்.

இதனைத் தமிழின் பெருமையாகக் கொள்ளுதல் எளிது. விரும்பியவர் எவரும் முன்வரலாம் என்னும் குடியாட்சிக் கோட்பாட்டுக்கு இச்சொல் நெருக்கமானது என வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. ஆயினும் இரு தடைகள் உள்ளன. 

முதலாவது, ‘வேட்புமனுத் தாக்கல்’ என்னும் தொடர் முழுமையும் நோக்கத்தக்கது. மனு என்பது அரசு அலுவலகத்தில் கீழிருப்பவர் மேலிருப்பவரிடம் அளிப்பது. தாக்கல் என்பது உள்ளே புகுதலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து உருது வழியாக நம் கச்சேரி வழக்கில் சேர்ந்தது. நிலப்பட்டாவுக்கு மனு அளிக்கும் குடியானவரின் நிலையிலேயே இத்தொடர் வேட்பாளரையும் நிறுத்துகிறது. சொல்லின் முற்பகுதி அவரை எழுவாய் ஆக்க, பிற்பகுதி அவரைக் கைகட்டி நிற்கச் செய்கிறது.

இரண்டாவது தடை இன்னும் முதன்மையானது. விருப்பம் யாருடையது? திருக்குறளின் சொல்வன்மை அதிகாரத்தில் ‘வேட்ப’ என்னும் சொல் வருகிறது. அங்கு விரும்புவோர் சொல்லுபவர் அல்லர்; கேட்போரும் கேளாதோருமே விரும்புவோர். சொல்லின் ஆற்றல் பிறரிடம் விருப்பத்தை எழுப்புவதில் இருக்கிறது. வேட்பாளர் என்னும் இக்காலச் சொல்லிலோ விருப்பம் நிற்பவரிடமே தங்கிவிட்டது. அவரை விரும்பி முன்னிறுத்துவோர், அல்லது அவரைத் தேர்ந்து அனுப்பும் கட்சி, சொல்லின் உருவத்தில் எங்கும் இல்லை. ‘முன்மொழிதல்’, ‘வழிமொழிதல்’ ஆகிய அழகிய சொற்கள் அக்கடமையை ஆற்றவல்லன. பழைய மேடையின் குரலை அவை தமக்குள் கொண்டுள்ளன. எனினும் அவை கூட்டத் தீர்மானங்களுக்கே பெரிதும் வழங்கலாயின. தேர்தலில் அவை படிவத்தின் அடியிலுள்ள கையொப்பங்களாகச் சுருங்கின.

பெயர் எழுதிய ஓலை

பெயரைக் குறித்துத் தேர்ந்தெடுக்கும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அகநானூற்றுப் பாடலொன்றும் குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கை உவமையாக ஆள்கிறது.

இம்முறையில் வேட்பு இல்லை, மனுவும் இல்லை. தகுதியுடையோர் பெயர் குடத்தில் இடம்பெறும், அவ்வளவே. ஆனால் இதனைக் குடியாட்சியின் தொட்டில் எனப் புகழ்வோர் தகுதி விதிகளையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியன தகுதிகளாக விதிக்கப்பட்டன. அவ்வூர் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். நிலத்தை உழுதவரின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஒன்றுக்குத் தோட்ட வாரியம் என்பது பெயர். தோட்டத்தில் உழைத்தவர்க்கு அதில் இடமில்லை. ஒரு முறை எத்துணைச் செம்மையாயினும், யாருடைய பெயர் எழுதப்படலாம் என்பதை முன்னரே வரையறுப்பவரிடமே அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இது சான்று.

பேர் என்பதன் தோட்டத்துப் பொருள்

கேமரன் மலை, 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பயணத்தால் அறியப்பட்டுப் பெயர் பெற்றது. 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். பின்னர் பாரத் குழுமம் முதலியனவும் தோன்றின. காடு வெட்டிச் செடி நட்டுக் கொழுந்து பறித்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். பெரட்டு, கிராணி, தண்டல், கங்காணி, லயம் என அவர்கள் வாழ்வை வரையறுத்த சொற்கள் இன்றும் முதியோர் பேச்சில் உள்ளன.

அவ்வாழ்வில் ‘பேர்’ என்பதற்கு ஒரு தனிப்பொருள் இருந்தது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், ஒரு நாள் உழைப்பு பதிவேட்டில் ஏறுவதைப் ‘பேர்’ என்றே குறிப்பர். உரிய அளவு கொழுந்து கொடுத்தவருக்கு முழுப்பேர். அளவு குறைந்தால் ‘அரைப்பேர்’, அதாவது அரைநாள் கூலி. பேரை இடுபவர் கணக்கப்பிள்ளை. பேருக்கு உரியவர் தொழிலாளி. தம் பெயரைத் தாமே எழுதும் வாய்ப்பு அவருக்கு இல்லை. பெயர் என்பது பிறர் வழங்குவது, பாதியாகக் குறைக்கவும் கூடியது என்னும் பட்டறிவு அச்சொல்லில் பதிந்துள்ளது. ஆங்கிலத்தின் ‘நாமினேஷன்’ உணர்த்தும் உறவைத் தோட்டத்தமிழ் வேறொரு வழியில் நன்கு அறிந்திருந்தது எனலாம்.

நியமனமும் தோட்ட மக்களும்

மேலிருந்து பெயர் குறித்தலுக்குத் தமிழ் ‘நியமனம்’ என்னும் வடசொல்லைக் கொண்டது. சட்டசபை உறுப்பினர் தேர்தலுக்கு முன்னரே நியமனத்தின் வழி வந்தமையால், தோட்ட மக்களின் சார்பாளர் முதலில் இச்சொல்லாலேயே அறியப்பட்டனர். கூட்டு மலாய் மாநிலங்களின் கூட்டரசு மன்றத்தில் 1928இல் வழக்கறிஞர் எஸ். வீராசாமி முதல் இந்தியராக அமர்த்தப்பட்டார். அவரை அமர்த்தியது அரசு. தோட்டத்தில் இருந்த எவரும் அவருக்காகக் கைதூக்கவில்லை. இதனால் அவர் பணி சிறிதாகாது. ஆனால் அவரது பெயரை யார் குறித்தனர் என்னும் வினாவுக்கு விடை தெளிவானது.

இலங்கையின் வரலாறு இதனினும் கூர்மையானது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் நாடாளுமன்றம் புகுந்தனர். நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. அதன்பின் அவர்தம் குரலுக்கு எஞ்சிய வழி, அரசு நியமிக்கும் உறுப்பினர் பதவியே. 1960இல் தொண்டமான் நியமன உறுப்பினரானார். மீண்டும் மக்கள் வாக்கினால் அவர் நாடாளுமன்றம் செல்ல 1977ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே மனிதர், அதே மக்கள். இடைப்பட்ட முப்பதாண்டுகளில் மாறியது பெயரைக் குறித்த கை மட்டுமே. 

இலங்கைத் தமிழில் தேர்தல் படிவத்துக்கும் ‘நியமனப் பத்திரம்’ என்னும் வழக்கு உண்டு என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஆங்கிலத்தின் இரு பொருள்களும் அங்கு ஒரே தமிழ்ச் சொல்லில் வந்து கூடின. நம் செவிக்கு அது பிழைபோல் ஒலிக்கலாம். ஆயினும் வேட்புமனு என்னும் சொல் மறைக்கின்ற ஒன்றை அவ்வழக்கு தற்செயலாகவேனும் வெளிப்படுத்துகிறது: தேர்தலில் நிற்பவரும் ஒருவரால் நியமிக்கப்பட்டவரே.

மலாயாவில் 1955ஆம் ஆண்டு நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் 52 தொகுதிகளுக்கு வாக்கெடுப்பு நிகழ்ந்தது. கூட்டணிக் கட்சி அவற்றுள் ம.இ.கா.வுக்கு ஒதுக்கியவை இரண்டு. வாக்காளர்முன் நிற்பதற்கு முன்னரே, எத்தனைப் பெயர்களை முன்வைக்கலாம் என்பது பேச்சுவார்த்தையில் முடிவாகியிருந்தது. நியமனக் காலம் முடிந்து தேர்தல் காலம் தொடங்கியபோதும், பெயர் குறிக்கும் அதிகாரம் மறையவில்லை. அது அரசிடமிருந்து கூட்டணியின் மேசைக்கு இடம்பெயர்ந்தது.

கேமரன் மலையின் பெயர்கள்

கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2004இல் முதன்முறையாகத் தேர்தல் கண்ட அத்தொகுதி தேசிய முன்னணியில் ம.இ.கா.வுக்கு ஒதுக்கப்பட்டது. எஸ்.கே. தேவமணி 2004, 2008 ஆகிய இரு தேர்தல்களில் வென்றார். 2013இல் கட்சி அவரைச் சுங்கை சிப்புட்டில் நிறுத்தியது. கட்சித் தலைவர் ஜி. பழனிவேல் கேமரன் மலைக்கு வந்து 462 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2018 மே 9ஆம் நாள் தேர்தலில் சி. சிவராஜ் 597 வாக்கு வேறுபாட்டில் வென்றார். ஜனநாயக செயல் கட்சியின் மு. மனோகரன் இவ்விரு முறையும் நெருங்கி வந்து தோற்றவர். 2018 நவம்பர் 30ஆம் நாள் தேர்தல் நீதிமன்றம் அவ்வெற்றியைச் செல்லாததாக்கியது. பூர்வகுடி வாக்காளர்க்குப் பணம் வழங்கப்பட்டது என்பது காரணம்.

இவர்கள் அனைவரும் தமிழ் வழக்கில் வேட்பாளர்களே. இவர்தம் வேட்பு உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் தொகுதியில் இந்திய வாக்காளர் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவர் மட்டுமே. அத்தொகுதிக்கு ஒரு தமிழர் பெயர் தொடர்ந்து குறிக்கப்பட்டது தோட்டத் தமிழரின் எண்ணிக்கையால் அன்று, கூட்டணியின் பங்கீட்டால். அப்பங்கீட்டில் தோட்டத்து மக்கள் முன்மொழியவும் இல்லை, வழிமொழியவும் இல்லை. தமிழ்ச் சொல் வேட்பையே காட்டியதால், பெயர் நம்முடையதே என்று நாமும் எண்ணி அமைந்தோம். 

2019இல் தேசிய முன்னணி ம.இ.கா.வின் பெயரை விடுத்து, ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரியும் பூர்வகுடியைச் சேர்ந்தவருமான ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. சனவரி 26ஆம் நாள் அவர் 12,038 வாக்குகள் பெற்றார். மனோகரன் 8,800 பெற்றார். நாட்டின் நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி உறுப்பினர் ரம்லி. 2022இல் அவர் மீண்டும் வென்று அவையின் துணைத்தலைவர்களுள் ஒருவரானார்.

இதனைத் தமிழர் இழந்த தொகுதி என்று மட்டும் எழுதுவது குறையுடைய திறனாய்வாகும். அம்மலை தேயிலைக்கு முன்னரே பூர்வகுடி மக்களுக்கு உரியது. கூட்டரசு அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, மேலவைக்கு நியமிக்கப்படுவோருள் பூர்வகுடியினரின் நலனைப் பேசவல்லோரும் இருக்கலாம் என்கிறது. அவர்களுக்கும் நெடுங்காலம் நியமனமே வழியாக இருந்தது. தோட்டத் தமிழர் நடந்த அதே பாதையில் அவர்களும் நடந்துள்ளனர். 2019இலும் ரம்லியின் பெயரைக் குறித்தது அதே கூட்டணி மேசைதான் என்பதையும் மறத்தலாகாது. ஒரு மக்கட்கூட்டத்தின் பெயர் குறிக்கப்படுவதும் விடப்படுவதும் ஒரே கையால் நிகழ்ந்தன.

வாயிலுக்கு வெளியே நின்ற வேட்பு

கேமரன் மலைக்கு வெளியே, 2018ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின் வேட்புமனு நாளான ஏப்ரல் 28இல் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் நம் கருத்தை மேலும் விளக்கும். நெகிரி செம்பிலான் மாநிலத்து ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் டாக்டர் ஸ்ரீராம் சின்னசாமி, தேர்தல் ஆணையத்தின் நுழைவுச்சீட்டு இல்லை என்பதற்காக மையத்துக்குள் விடப்படவில்லை. எதிர்த்தரப்பினர் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் அவ்வெற்றியைச் செல்லாததாக்கியது. கூட்டரசு நீதிமன்றமும் 2019 பிப்ரவரியில் அதனை உறுதி செய்தது. ஏப்ரல் 13ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தது. அதில் அவர் வெற்றி பெறவில்லை. எனினும் வேட்பு இருந்தும், கட்சியின் பெயர் குறிப்பு இருந்தும், தாள் உள்ளே செல்லாவிடில் வேட்பாளர் பிறப்பதில்லை என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. ‘தாக்கல்’ என்னும் சொல்லின் உள்ளே புகுதல் என்னும் பொருள் அன்று மெய்யாயிற்று.

கோலாலம்பூரின் பத்து தொகுதியில், மக்கள் நீதிக் கட்சியின் தியான் சுவாவின் மனு தள்ளப்பட்டது. சுயேச்சையாக மனு அளித்திருந்த 22 வயது ப. பிரபாகரனைப் பின்னர் அக்கட்சி ஆதரித்தது, அவர் வென்றார். வேட்பு அவருடையது; அதனை வெற்றியாக்கியது பின்னர் வந்து சேர்ந்த பெயர் குறிப்பு. ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் தனித்தனியே பாதி உண்மையைச் சொல்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தொழிலாளி எழுவாயாகும் இடம்

தோட்டத் தொழிலாளி பெயர் குறிக்கப்படுபவராக அன்றிப் பெயர் குறிப்பவராக நிற்கும் இடமும் ஒன்று உண்டு. அது தேர்தல் மையமன்று. 1951இல் அமைந்த ஊழியர் சேமநிதி. தமக்குப் பின் அச்சேமிப்பு யாரைச் சேரவேண்டும் என்பதை உறுப்பினர் படிவத்தில் குறிப்பதும் மலாயில் ‘பெனாமாஆன்’ தான். குறிக்கப்பட்டவர் ‘பெனாமா’. முஸ்லிம் அல்லாத உறுப்பினரின் பெனாமா அத்தொகையின் பயனுக்கு உரியவர். முஸ்லிம் உறுப்பினரின் பெனாமா அதனைச் சட்டப்படி பங்கிட்டளிக்கும் பொறுப்பாளர். இந்தியாவில் காப்புறுதியில் குறிக்கப்பட்டவர் தொகையைப் பெறுபவரே, அதனால் மட்டும் உரிமையாளர் ஆகார் என உச்ச நீதிமன்றம் சர்பதி தேவி வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரே சொல் நாடுதோறும் சட்டந்தோறும் பொருள் வேறுபடுகிறது.

இங்கு ‘வேட்பு’ என்னும் தமிழ்ச் சொல் முற்றிலும் பயனற்றது. குறிக்கப்பட்டவர் விரும்பி மனு அளிப்பதில்லை. அவர் தொட்டிலில் கிடக்கும் குழந்தையாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் ‘நியமனதாரர்’, ‘வாரிசுதாரர்’ என எழுதுவர். முன்னது அரசாணை போல் ஒலிக்கிறது. பின்னது சட்டப்படியான வாரிசோடு குழப்பம் விளைக்கிறது. மக்கள் ‘நாமினி’ என்றே சொல்லி அமைகின்றனர். ‘பெயர் குறிக்கப்பட்டவர்’ என நேராகச் சொல்வதில் எவ்விடர்ப்பாடும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. படிவத்தின் பொருள் விளங்காமல், மணத்துக்கு முன் எழுதிய பெயரை அப்படியே விட்டவர்களும், எப்பெயரும் எழுதாதவர்களும் உண்டு. அவ்விடத்துச் சொல்லின் தெளிவு ஒரு குடும்பத்தின் வாழ்வோடு தொடர்புடையது. தம் வாழ்நாள் முழுவதும் கிராணி பேர் எழுதக் கண்டவர், தாமே ஒரு பெயரை எழுதும் வாய்ப்பு இது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், ‘நாமினேஷன்’ என்பதற்குத் தமிழ் ஒரு சொல்லைத் தரவில்லை, பல சொற்களைத் தந்துள்ளது என்பது பெறப்படும். வேட்புமனு, நியமனம், முன்மொழிவு, பெயர் குறிப்பு என்பன அவை. ஆங்கிலம் மறைத்த வேறுபாடுகளைத் தமிழ் பிரித்துக் காட்டுகிறது. இது நம் மொழியின் வளமே. ஆனால் தேர்தலுக்கு நாம் தேர்ந்த சொல், நிற்பவரின் விருப்பத்தை முன்வைத்து, அவரை நிறுத்துபவரை மறைக்கிறது. தோட்டத் தமிழரின் நூற்றாண்டு வரலாற்றில் முடிவு செய்தவர் பெரும்பாலும் அம்மறைந்து நிற்பவரே. 

வேட்பாளர் என்னும் சொல்லைக் கைவிடவேண்டும் என்பது நமது கருத்தன்று. அது வேரூன்றிய நற்சொல். விரும்புவோர் எவரும் முன்வரலாம் என்னும் உறுதிமொழியை அது தாங்கியுள்ளது. அவ்வுறுதிமொழி நிறைவேறியதா என்று வினவும் பழக்கத்தை அச்சொல்லோடு சேர்த்துக் கற்பித்தல் வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. ஆசிரியர் வகுப்பில் இச்சொல்லை விளக்கும்போது, எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் கேட்பதுபோல மூன்று வினாக்களை எழுப்பலாம்: பெயரைக் குறித்தவர் யார்? குறிக்கப்பட்டவர் யார்? யார் சார்பில் குறிக்கப்பட்டது? இலக்கண வகுப்பும் குடியியல் வகுப்பும் அவ்விடத்தில் ஒன்றாகும்.

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளில் இன்று கொழுந்து பறிப்போருள் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர். அவர்களுக்கு அத்தொகுதியில் வாக்கில்லை, வேட்பும் இல்லை. முன்னாளில் நம் பாட்டன் பாட்டியர் நின்ற நிலையில் அவர்கள் நிற்கின்றனர். பேர் என்பதன் தோட்டத்துப் பொருளை அறிந்த மக்கள் என்ற முறையில், மேற்கூறிய மூன்று வினாக்களை அவர்கள் பொருட்டும் எழுப்பும் கடமை நமக்கு உண்டு.